முற்றத்தைக் கழற்ற முடியுமா?

(மதுரையில் கட்டடக் கலை மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். போன மாதம் காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போயிருந்தேன். பழஞ்சாமான் கடை ஒன்றின் வாசலில் பர்மா தேக்கில் செய்த கதவு நிலை ஒன்றைச் சாத்தி வைத்திருந்தார்கள். மேல்கட்டையில் கஜலட்சுமி. ஒரு யானைக்குத் துதிக்கை உடைந்திருந்தது. ஓரத்தில் சாக்பீஸால் ஏதோ எண் எழுதியிருந்தது. வீட்டைப் பிரித்தபோது போட்ட அடையாளமோ என்று ஆசையாகக் குனிந்து பார்த்தேன். விலைதான். எந்த ஊர் வீடு என்று கேட்டேன். "லாட்டா வந்துச்சு சார்" என்றான் கடைப்பையன்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு கொழும்புக்கு வாருங்கள். ஆல்ஃபிரட் பிளேஸ், 5ஆம் எண் வீடு. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்காகக் கட்டியது. ஈனா, துணியில் மெழுகும் சாயமும் கொண்டு உருவம் தீட்டும் 'பத்திக்' (batik) கலைஞர். கணவர் ஒஸ்மண்ட், இலங்கையின் போலீஸ் மா அதிபராக இருந்தவர். பாவாவோ வக்கீலாக இருந்துவிட்டு, பிறகு லண்டனில் கட்டடக் கலை படித்து, 38 வயதில் தகுதி பெற்றவர். உங்களில் அரியர் வைத்திருப்பவர்கள் இந்த வயதைக் குறித்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் நவீன வீடு என்றால் வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, பெரிய கண்ணாடி. பாவாவும் முதலில் அப்படித்தான் கட்டினார். கொழும்பு மழை அதை விடவில்லை. இரண்டு பருவம் போனால் வெள்ளைச் சுவரில் பாசி ஏறிவிடும். போதாததற்கு இறக்குமதிக் கட்டுப்பாடு வேறு. கண்ணாடிக்கும் இரும்புக்கும் எங்கே போவது? ஈனாவுக்கோ மாத்தளைப் பக்கத்து மூதாதையர் வீடுகளின் முற்றமும் தாழ்வாரமும் வேண்டும், தற்காலத்து வசதியும் வேண்டும்.

மனை சுமார் 750 சதுர மீட்டர். நம் கணக்கில் மூன்று கிரவுண்டும் கொஞ்சமும். பங்களா கட்டுகிறவர்கள் நடுவில் வீட்டை வைத்துச் சுற்றிலும் தோட்டம் விடுவார்கள். பாவா அதைத் திருப்பிப் போட்டார். தெருப்பக்கம் மதில், உள்ளே நடுவில் முற்றம், அதில் மாமரம், சுற்றிலும் அறைகள். யாழ்ப்பாணத்தில் நாற்சார் வீடு என்பார்களே, அந்த இனம். முதிரை மரத் தூண்கள், கருங்கல் பாதங்கள், மேலே ஓடு.

அப்படியானால் இதில் என்ன நவீனம் என்று கேட்பீர்கள். பழைய நாற்சார் வீட்டில் ஒவ்வொரு அறையும் ஒரு பெட்டி. கதவைத் திறந்தால் முற்றம், சாத்தினால் இருட்டு. இங்கே உட்காரும் இடம் எங்கே முடிகிறது, தாழ்வாரம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. சின்ன முற்றங்கள் இன்னும் சில உண்டு. ஒன்றைக் கடந்து பார்த்தால் அடுத்தது தெரியும், அதற்கப்பால் இன்னொன்று. கூரை நாட்டுக் கூரைதான்; அதன் கீழ் இடம் ஓடுகிற விதம் இருபதாம் நூற்றாண்டினுடையது. இந்த மனிதர் உங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார். ஆலை அதிகாரிகளின் கிளப்பாக அவர் 1970களில் வடிவமைத்தது கோச்சடையில் இன்று ஹோட்டலாக நிற்கிறது. பஸ்ஸில் போய்விடலாம்.

சரி, கதைக்கு வருகிறேன். ஈனா பிற்பாடு மாத்தளைக்கே திரும்பிவிட்டார். ஆல்ஃபிரட் பிளேஸைச் சுற்றி நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. பக்கத்து மருத்துவமனைக்கு இடம் வேண்டியிருந்தது. 2009இல் மனை கைமாறியது. வழக்கமாக அடுத்து வருவது ஜேசிபி.

இங்கே வந்தவர்கள் பென்சிலும் அளவு நாடாவும் கொண்டுவந்தார்கள். கட்டடக் கலைஞர் அமிலா டி மெல்லுடன் தொல்லியல் அறிஞர் நிலன் குரேயும் சேர்ந்தார். வீட்டுக்கு வயது ஐம்பதுகூட இல்லை, அதற்குத் தொல்லியல்காரர்! எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. தூண், கதவு, கல் என்று ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, எண் போட்டுப் பிரித்தார்கள். லாரியில் ஏற்றித் தெற்கே 60 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய், பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுனுகங்கையில், பாவா 1948இல் வாங்கி வாழ்நாளெல்லாம் செதுக்கிய தோட்டத்தில், மறுபடி எழுப்பினார்கள். வேலை முடிய 2016 ஆயிற்று. பெயர் இன்றும் 'நம்பர் 5'தான். இப்போது விருந்தினர் தங்கலாம்.

இதைப் பாதுகாப்பு என்று சொல்லலாமா? எனக்குள் ஒரு முரண்டு இருக்கிறது. அந்த வீட்டுக்கு மதில் ஏன் வந்தது? நகரத்து நெரிசலுக்கு முதுகைக் காட்டுவதற்காக. லுனுகங்கையில் சுற்றிலும் மரமும் ஏரிக்காற்றும்; அங்கே எதற்கு முதுகைக் காட்ட வேண்டும்? கொழும்பில் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் தெருச் சத்தம் சட்டென்று அடங்குமே, அது லாரியில் ஏறாது. முதிர்ந்த மாமரத்தையும் எண் போட்டுப் பிரிக்க முடியாது. புதிதாக நட்டு வளர்க்க வேண்டியதுதான்.

ஆனால் முற்றம் வந்து சேர்ந்துவிட்டது, அதைக் கவனியுங்கள். முற்றம் என்பது ஒரு பொருளே இல்லை. தூணுக்கும் தூணுக்கும் உள்ள தூரம், கூரை இறங்கும் உயரம், வெயில் விழும் சதுரம். அளவு எடுத்திருந்தால் அது பிழைக்கும். காரைக்குடி நிலை எவ்வளவு பத்திரமாக ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் நின்றாலும், அதன் முற்றம் போனது போனதுதான். யாரும் அளக்கவில்லை. எனவே இந்தக் கோடை விடுமுறையில் ஆளுக்கொரு அளவு நாடாவுடன் உங்கள் பாட்டி வீட்டுக்குப் போங்கள். 1950, 60களில் கட்டிய வீடாக இருந்தால் இன்னும் நல்லது. அதை யாருமே பழையது என்று மதிப்பதில்லை.

பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்குகிறார். என்னம்மா? வீட்டுக்காரம்மா அதைப் பார்த்தாரா என்று கேட்கிறீர்களா? ஈனா 2015 அக்டோபரில் காலமானார், 93 வயதில். வேலை முடிந்தது அதற்கு அடுத்த வருடம்.