குளியலறைக்கு வெளியே ஒரு கீசர்

வணக்கம். எரிவாயுக் குழாயும் தண்ணீர்க் குழாயும் பொருத்துவது என் தொழில். தொட்டியில்லாத கேஸ் கீசரை வீட்டில் மாட்டுவதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்.

கீசரை வாங்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "குளியலறையில் எந்தச் சுவரில் மாட்டலாம்?" என்பதுதான். எந்தச் சுவரிலும் வேண்டாம் என்பேன். உடனே அவர்கள் முகம் சுருங்கிவிடும்.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற 17 கிலோவாட்டுக்குக் குறையாமல் வெப்பம் வேண்டும். வீணாகிறதையும் சேர்த்தால் 20 என்று வையுங்கள். சமையலறை அடுப்பின் பெரிய பர்னரே 3 கிலோவாட் அளவுதான். அப்படியென்றால் ஆறேழு பர்னரை ஒன்றாக எரியவிட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு குளிக்கிற மாதிரி. சிலிண்டரில் வரும் புரொப்பேன் வாயு ஒரு பங்கு எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று தேவை. அந்தச் சின்ன அறை எவ்வளவு நேரம் தாங்கும்? காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை விட இதை இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தலை சுற்றும், வெந்நீர் ஆவியில் நின்றதால்தான் என்று நினைத்துக்கொள்வோம். அப்புறம் தாழ்ப்பாளைத் திறக்கக் கையில் தெம்பிருக்காது.

"ஜன்னல் இருக்கிறதே" என்பார்கள். குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிக்கிறவர் யார்?

அதனால் வெளிச் சுவரில், மழை படாத இடத்தில், அதற்கென்றே செய்த கீசரை மாட்டுங்கள். வீட்டுக்குள்தான் வேண்டுமென்றால் மூடிய வகை இருக்கிறது. அதன் குழாய்க்குள் இன்னொரு குழாய் போகும். உள்குழாய் வழியாகப் புகை வெளியே போகும், வெளிக்குழாய் வழியாகக் காற்று உள்ளே வரும். புகை வெளியேறும் வாய் பக்கத்து ஜன்னலைப் பார்த்து இருக்கக் கூடாது. இயற்கை எரிவாயுவுக்கான கீசரை புரொப்பேனில் இணைக்கவும் கூடாது. பர்னருக்குள் கேஸைப் பீய்ச்சும் ஜெட் துளையின் அளவு இரண்டுக்கும் வேறு.

இனி கேஸ். 20 கிலோவாட் கீசர் மணிக்கு ஒன்றரை கிலோ புரொப்பேன் குடிக்கும். சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது ஆவியாக வெப்பம் வேண்டும்; அதைச் சிலிண்டரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. சின்னச் சிலிண்டரானால் கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, பனி பூக்கும். அழுத்தம் இறங்கும், சுடர் சிறுக்கும், தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். ரெகுலேட்டர் மணிக்கு எத்தனை கிலோ விடும் என்பதைப் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். வாங்கும்போது அதைப் படிக்கிறவர்கள் குறைவு.

குழாயின் உள்விட்டமும் முக்கியம். தொழிலுக்கு வந்த புதிதில், அடுப்புக்குப் போகிற மெல்லிய குழாயிலேயே 'டீ' என்கிற மூன்று வாய் இணைப்பைப் போட்டுக் கீசருக்கும் இணைப்புக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் அந்த வீட்டு அம்மாவிடமிருந்து போன். "தம்பி, நான் அடுப்பைப் பற்றவைத்தால் இவர் உள்ளேயிருந்து கத்துகிறார்!" இரண்டுக்கும் கேஸ் போதாமல், குளிக்கிறவர் மேல் தண்ணீர் சூடு குறைந்து விழுந்திருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. தனிக் குழாய் இழுத்துக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை.

புரொப்பேன் காற்றை விட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். சிலிண்டரை நிலவறையிலோ சாக்கடைத் திறப்பின் பக்கத்திலோ வைக்காதீர்கள். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். மெல்லிய கசிவென்றால் குண்டூசித் தலையளவு குமிழி ஒன்று மெதுவாகப் பெரிதாகும். தீக்குச்சியைக் கொளுத்திப் பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

தண்ணீர்ப் பக்கத்தில் தொல்லை குறைவு. போதுமான வேகத்தில் தண்ணீர் ஓடினால்தான் சுடர் பற்றும். மேல்தொட்டி கீசருக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.1 பார் அழுத்தம்தான், பல கீசர்களுக்கு அது போதாது. பற்றவில்லை என்று கூப்பிடும் வீடுகளில் பாதி நேரம் தண்ணீர் நுழைகிற வாயில் இருக்கும் வலையைக் கழற்றினால் வெள்ளை மணலும், குழாய் மரையில் சுற்றுகிற டெஃப்லான் டேப்பின் துணுக்குகளும் இருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகிவிடும்.

மாட்டி முடித்ததும் சுடரின் நிறத்தைப் பார்ப்பேன். நீலமாக இருக்க வேண்டும். மஞ்சள் தெரிந்தால் நிறுத்திவிடுவேன். அப்புறம் அடுப்பின் எல்லா பர்னர்களையும் ஏற்றச் சொல்லிவிட்டு, ஷவரைத் திறந்து, ஐந்து நிமிடம் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். சூடு குறையவில்லையென்றால்தான் பையை மூடுவேன்.