மூக்கை மாற்றும் முன்: தண்டு, நுனி, மூச்சு

[திரையில்: எவர்சில்வர் கரண்டியின் பின்பக்கம், மூக்குக்குக் கீழே]

வீட்டில் பளபளப்பான எவர்சில்வர் கரண்டி ஒன்று இருக்கும், எடுத்து வாருங்கள். ஏர்கான் அறையில் உட்கார்ந்து, வாயை மூடி, கரண்டியை மூக்குக்குக் கீழே பிடித்து மூச்சை விடுங்கள். அதை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர வைக்க வேண்டாம். நம் சிங்கப்பூர் ஈரப்பதத்துக்கு வெளியே எடுத்ததுமே அது தானாக வேர்த்துவிடும்.

இரண்டு பனித்திட்டு தெரிகிறதா? ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக இருந்தால் பதற வேண்டாம். நமக்கு இரண்டு துவாரமும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறிக் கொஞ்சம் அடைத்துத் திறக்கும், அது இயல்பு. காலையில் பார்த்தாலும், இரவில் பார்த்தாலும், மறுவாரம் பார்த்தாலும் அதே பக்கத்துத் திட்டுதான் சிறிது என்றால், மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

மூக்கு ஆபரேஷன் பற்றிய வீடியோவில் கரண்டி எதற்கு என்று கேட்பீர்கள். வெளியே தெரியும் வடிவமும் உள்ளே ஓடும் காற்றும் ஒரே கட்டுமானத்தைத்தான் நம்பியிருக்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும்.

[திரையில்: பக்கவாட்டு முகம், எலும்பும் குருத்தெலும்பும் வேறு வேறு நிறத்தில்]

மூக்குக்கண்ணாடி உட்காரும் இடத்தை விரலால் ஆட்டிப் பாருங்கள், அசையாது. அது எலும்பு. அதற்குக் கீழே மூன்றில் இரண்டு பங்கு குருத்தெலும்பு, வளைந்து கொடுக்கும். நடுவில் சுவர் மாதிரி நிற்பதும் முன்பக்கம் குருத்தெலும்புதான். நுனியின் வடிவத்தை வளைந்த இரண்டு சின்னக் குருத்தெலும்புகள் தீர்மானிக்கின்றன. இத்தனைக்கும் மேலே தோல். தோல் தடிப்பாக இருந்தால், உள்ளே எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினாலும் வெளியே பாதிதான் தெரியும்.

கிளிமூக்கு, சப்பை மூக்கு, எள்ளுப்பூ மூக்கு என்று நம் பாட்டிமார் வகை பிரித்தார்கள். இதில் தட்பவெப்பத்துக்கும் பங்குண்டு. துவாரத்தின் அகலம் ஒருவரின் முன்னோர் வாழ்ந்த இடத்தின் வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும் ஒத்துப்போவதாக 2017-ல் ஓர் ஆய்வு காட்டியது. வறண்ட குளிர்காற்றைச் சூடாக்கி ஈரமாக்கக் குறுகிய மூக்கு உதவும். அகன்ற மூக்கு குறை இல்லை என்பதற்கு அத்தை, மாமி சொல்வதைவிட இது நல்ல பதில்!

சரி, மாற்ற நினைக்கிறீர்கள். இந்த வட்டாரத்தில் மூக்கு அழகு அறுவை என்றாலே பலர் நினைப்பது தண்டை, அதாவது நெற்றியிலிருந்து நுனி வரை ஓடும் மூக்கின் முதுகை, உயர்த்துவதைத்தான். சிலிக்கோன் துண்டு, காதுக் குருத்தெலும்பு, விலாக் குருத்தெலும்பு என்று ஏதாவது ஒன்றை வைத்துத் தண்டை எடுப்பாக்குவார்கள். ஆனால் நம்மவர்கள் பலரின் புகார் நேர் எதிரானது: நடுவில் திமில் மாதிரி மேடு, கீழே தொங்கும் நுனி, சிரித்தால் இன்னும் இறங்கும் நுனி. இரண்டும் வேறு வேறு வேலை. அதனால் மருத்துவரைப் பார்க்கும்போது, இந்திய முகங்களில் மேட்டைக் குறைத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். பத்துப் படமும் தண்டை உயர்த்தியதாகவே இருந்தால் எழுந்து வந்துவிடலாம் என்பது என் கருத்து.

[திரையில்: மேட்டை நீக்கிய பிறகு திறந்து நிற்கும் கூரை]

மேட்டைக் குறைப்பது அரம் வைத்துத் தேய்க்கிற வேலை மட்டும் இல்லை. மேடு பாதி எலும்பு, பாதி குருத்தெலும்பு. அதை எடுத்ததும் மூக்கின் கூரை திறந்துகொள்ளும். மேலிருந்து பார்த்தால் தட்டையாக, அகலமாகத் தெரியும். அதை மூட, பக்கவாட்டு எலும்புகளை மெல்ல வெட்டி உள்ளே நகர்த்துவார்கள். இங்கேதான் மூச்சு குறுக்கே வருகிறது. மூக்கின் மிகக் குறுகலான காற்றுவழி சரியாக அந்த நடுப்பகுதியில் இருக்கிறது. தாராளமாக வெட்டி எடுத்துவிட்டுத் தாங்கு கொடுக்காமல் விட்டால், பக்கச்சுவர் நாளடைவில் உள்ளே ஒடுங்கும். முன்னாலிருந்து பார்த்தால் தலைகீழ் ‘வி’ மாதிரி நிழல் விழும், மூச்சும் இழுக்கும். இதைத் தவிர்க்க, நடுச்சுவரிலிருந்து எடுத்த மெல்லிய குருத்தெலும்புச் சட்டங்களை இருபக்கமும் செருகுவார்கள். “மேட்டை எடுத்த பிறகு நடுப்பகுதிக்கு என்ன தாங்கு வைப்பீர்கள்?” இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், பதிலிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

சிலருக்கு மேட்டைத் தொடவே வேண்டாம். தொங்கும் நுனியைக் கொஞ்சம் தூக்கினாலே மேடு கண்ணில் படாது.

ஊசி போட்டுச் சரிசெய்யும் ஃபில்லர்? அது சேர்க்குமே தவிரக் குறைக்காது. மேட்டுக்கு மேலும் கீழும் நிரப்பி நேராகக் காட்டலாம். ஆபத்து என்னவென்றால், மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் செத்துப்போகலாம், பார்வையே போகலாம். முகத்தில் இந்த அபாயம் அதிகமுள்ள இடங்களில் மூக்கும் ஒன்று. ஹையலூரானிக் அமில வகை என்றால் அவசரத்தில் கரைக்க மருந்து உண்டு, அதைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர் முக்கியம். வீட்டுக்கே வந்து மலிவாகப் போடுகிறேன் என்பவர் பக்கமே போகாதீர்கள்.

இனி மூச்சுப் பக்கம். நடுச்சுவர் வளைந்திருந்தால் செப்டோபிளாஸ்டி செய்து நிமிர்த்துவார்கள். வெளித்தோற்றம் பெரும்பாலும் மாறாது. ஆனால் இங்கே மூக்கடைப்புக்கு வளைவைவிட அலர்ஜி காரணமாக இருப்பது சகஜம், மெத்தையில் குடியிருக்கும் தூசிப்பூச்சிதான் முக்கியக் குற்றவாளி. அதனால் முதலில் சில வாரம் ஸ்டீராய்டு ஸ்ப்ரே அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். கடையில் வாங்கி உடனே மூக்கைத் திறக்கும் ஸ்ப்ரே வேறு. அதை ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

காற்பந்திலோ சிலாட் தற்காப்புக் கலையிலோ மூக்கில் அடிபட்டால் அழகை அப்புறம் பாருங்கள். நடுச்சுவரில் ரத்தம் கட்டி மூக்கு அடைத்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். விட்டால் குருத்தெலும்பு அழிந்து தண்டு குழிந்துவிடும். அப்படிக் கட்டவில்லை, எலும்பு மட்டும் நகர்ந்திருக்கிறது என்றால், பெரியவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் கையாலேயே நிமிர்த்திவிடலாம்.

காசு விஷயம். முழுக்க அழகுக்கான அறுவைக்கு மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் கைகொடுக்காது. மூச்சுக்காக மருத்துவத் தேவை என்று முடிவான செப்டோபிளாஸ்டிக்கு, வரம்புக்கு உட்பட்டு மெடிசேவ் எடுக்கலாம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பாலிகிளினிக் என்னும் அரசு மருந்தகத்திலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம். மருத்துவரின் பெயரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணரா, காது மூக்கு தொண்டை நிபுணரா என்று அதிலேயே இருக்கும்.

[திரையில்: ஒரே முகம், செல்ஃபியிலும் ஐந்தடி தூரத்திலும்]

செல்ஃபியைக் காட்டி “என் மூக்கு பெரிது” என்று சொல்லாதீர்கள். ஓரடி தூரத்துச் செல்ஃபியில், ஐந்தடி தூரத்துப் படத்தைவிட மூக்கு சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்காவில் கணக்கிட்டார்கள். வேறொருவரை எடுக்கச் சொல்லி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சிரித்தபடி ஒன்று என்று படம் கொண்டு போங்கள்.

அறுவைக்குப் பின் ஒரு வாரம் மேலே கட்டு, கண்ணைச் சுற்றி இரண்டு வாரம் கன்றிப்போன நிறம். எலும்பை வெட்டியிருந்தால் பல வாரம் மூக்குக்கண்ணாடியைத் தண்டில் வைக்கக் கூடாது. மூக்குத்தியை முன்னாலேயே கழற்ற வேண்டும், எப்போது திரும்பப் போடலாம் என்று கேட்டு வையுங்கள். நுனியின் வீக்கம் முழுசாக வடிய ஒரு வருடம் ஆகலாம், தடித்த தோலுக்கு அதற்கு மேலும். அடுத்த மாதம் கல்யாணம் என்று தேதி குறிக்காதீர்கள். மூன்றாம் மாதமே பிடிக்கவில்லை என்று மறு அறுவைக்கும் ஓடாதீர்கள், குறைந்தது ஒரு வருடம் பொறுக்கச் சொல்வதுதான் வழக்கம். முதல் தடவையே நடுச்சுவரில் எடுக்க வேண்டியதை எடுத்திருப்பார்கள். மறுபடி செய்ய, காதையோ விலாவையோ தேட வேண்டிவரும்.