அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், சிகிச்சையில் இருப்பவர்களுக்கும், அவர்களுக்குத் துணையாக வந்திருப்பவர்களுக்கும் என் வணக்கம்.

புற்றுநோய்ப் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் புதிய மருந்துகளைப் பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது மருந்துச் சீட்டு எழுதப்படுவதற்கு முன்னால் நடக்க வேண்டிய, பல வேளைகளில் நடக்காமலே போய்விடுகிற உரையாடலைப் பற்றி.

வெளிநோயாளிகள் பிரிவில் நான் எண்ணற்ற முறை பார்த்த காட்சி ஒன்று உண்டு. தந்தையை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மகன் மட்டும் ஃபைலோடு உள்ளே வருவார். கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "டாக்டர், அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். சாதாரணக் கட்டி என்றுதான் சொல்லிவைத்திருக்கிறோம், தெரிந்தால் உடைந்துபோய்விடுவார்" என்பார். சற்று நேரம் கழித்துத் தந்தை வருவார். மகனைத் தண்ணீர் வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டு, "எனக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியும் சார். பையனிடம் காட்டிக்கொள்ள வேண்டாம், பயந்துபோவான்" என்பார். அவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? புற்றுநோய்ப் பிரிவு என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும் பலகையைக் கடந்துதான் அவர் உள்ளே வந்திருக்கிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் வேறு.

இருவரும் அன்பினால்தான் மறைக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், அந்த அன்பின் விளைவாக, தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று கேட்கும் வாய்ப்பு உரியவருக்கே இல்லாமற்போகிறது. இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று எண்ண வேண்டாம். 1961இல் அமெரிக்க மருத்துவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லாமலிருப்பதே வழக்கம் என்றார்கள். 1979இல் அதே கேள்விக்கு ஏறத்தாழ எல்லோருமே சொல்லிவிடுகிறோம் என்று விடையளித்தார்கள். ஒரு நாட்டின் மருத்துவ வழக்கம் பதினெட்டு ஆண்டுகளில் தலைகீழாக மாறியது என்றால், நம்மாலும் மாற முடியும்.

சட்டமும் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயாரின் சம்மதத்தை மட்டும் பெற்றுக் கருப்பையை அகற்றிய வழக்கில், தெளிந்த அறிவுள்ள வயதுவந்தவருக்காக மற்றவர் தரும் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. ஆகவே கையெழுத்து நோயாளியுடையது. கையெழுத்திடுகிறவருக்கு எதற்கு இடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காக, கேட்க விரும்பாதவரை வலிந்து உட்காரவைத்துச் சொல்ல வேண்டியதும் இல்லை. "விவரங்களை நீங்களே தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, வீட்டில் வேறு யாரிடமாவது சொல்லட்டுமா?" என்று அவரிடமே கேட்டுவிட்டால், அவர் எந்தப் பக்கம் கை காட்டினாலும் அது அவருடைய முடிவாகிவிடும்.

புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்த பிறகு மருத்துவர் சொல்வதில் பெரும்பகுதி மனத்தில் பதிவதில்லை. தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர் வாசலுக்குப் போனதும் செவிலியரிடம், "டாக்டர் என்னம்மா சொன்னார்?" என்று கேட்பார். எனவே முதல் நாளிலேயே எல்லாவற்றையும் கேட்டு முடிக்க முயல வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள். மருத்துவரின் அனுமதியோடு கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். தீவிர இரத்தப் புற்றுநோய், தண்டுவடம் நசுங்குதல் போன்றவற்றில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பெரும்பாலான கட்டிகளில், யோசித்து முடிவெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்வதால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்பதையே முதல் கேள்வியாகக் கேட்டுவிடலாம்.

அறிக்கையைப் படிப்பதில் நேரும் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டியிலிருந்து எடுத்த திசுவைச் சோதித்துத் தரும் பயாப்ஸி அறிக்கையில் கிரேடு 3 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, மூன்றாம் கட்டம் வந்துவிட்டது என்று இரவெல்லாம் அழுத குடும்பங்களை எனக்குத் தெரியும். கிரேடு என்பது நுண்ணோக்கியில் அந்தச் செல்கள் இயல்பான செல்களிலிருந்து எவ்வளவு மாறித் தெரிகின்றன என்பதன் அளவு. கட்டம், அதாவது ஸ்டேஜ் என்பது நோய் உடம்பில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதன் அளவு. முதல் கட்டத்திலேயே கிரேடு 3 இருக்கலாம். ஐயம் இருந்தால் மற்றொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை. திசு பதிந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். மருத்துவப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளும் மருத்துவரும் இருக்கிறார். அது அவருடைய குறை.

இப்போது, நான் வந்த காரியத்திற்கு வருகிறேன். எல்லோரும் கேட்கும் கேள்வி, "சரியாகிவிடுமா?" என்பது. அதற்கு எங்களில் பலர் சொல்லும் விடை, "பார்ப்போம்" என்பது. இந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவர்களில் நானும் ஒருவன். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இந்தச் சிகிச்சையின் நோக்கம் என்ன?" நோயை அடியோடு நீக்குவதற்கா, நீக்க முடியாத நோயைச் சில காலம் கட்டுக்குள் வைப்பதற்கா, வலியையும் மூச்சுத்திணறலையும் குறைப்பதற்கா? மூன்றுக்கும் கீமோ கொடுக்கப்படலாம். மூன்றுக்கும், நம் மக்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர் சிகிச்சையும் கொடுக்கப்படலாம். வெளியிலிருந்து பார்த்தால் அதே பாட்டில், அதே ஊசி, அதே இயந்திரம். எந்த நோக்கத்திற்காக என்பதைக் கேட்டால்தான் தெரியும்.

ஒரு விவசாயக் குடும்பம், நுரையீரலிலிருந்து எலும்புக்குப் பரவிவிட்ட நோய்க்காக இரண்டு ஏக்கர் நிலத்தை விற்று மூன்றாம் சுற்று மருந்துக்குப் பணம் கட்டியது. அந்த மருந்து சில மாதங்களைத் தரக்கூடும் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் அது நோயை ஒழிக்கும் என்று நம்பினார்கள். அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. தெரிந்திருந்தாலும் அவர்கள் நிலத்தை விற்றிருக்கலாம், விற்காமலும் இருந்திருக்கலாம். அதைத் தீர்மானிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

எவ்வளவு காலம் என்று கேட்பதாயிருந்தால், சொல்லப்படும் எண்ணின் பொருளையும் சேர்த்துக் கேளுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்று உறையில் அரிய புற்றுநோய் ஒன்று கண்டறியப்பட்டது. அந்நோய்க்கு இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று நூல்களில் இருந்தது. பாதிப்பேர் எட்டு மாதத்திற்குள் இறக்கிறார்கள் என்றால், மறுபாதிப்பேர் அதைத் தாண்டுகிறார்கள், அவர்களில் சிலர் வெகுதூரம் தாண்டுகிறார்கள் என்று அவர் கணக்கிட்டுத் தம்மைத் தேற்றிக்கொண்டார். அதன்பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002இல் அதனோடு தொடர்பில்லாத வேறொரு புற்றுநோயால் காலமானார். எல்லோருக்கும் அவ்வாறே நடக்கும் என்று சொல்ல வரவில்லை.

சிகிச்சை தொடங்குமுன் கேட்டாக வேண்டியவை சில உண்டு. பிற்காலத்தில் குழந்தை வேண்டும் என்று எண்ணும் இளம் வயதினர், விந்தணுவையோ கருமுட்டையையோ உறையவைத்துக் காப்பதைப் பற்றிக் கீமோவுக்கு முன்பே கேட்க வேண்டும். வாய், தொண்டைக்குக் கதிர் சிகிச்சை பெறுகிறவர்கள் முன்னதாகவே பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் எங்கே வருவது, யாரை அழைப்பது என்று எண்ணோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முள்சீத்தாக் கஷாயமோ நாட்டு மருந்துச் சூரணமோ எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காதீர்கள். ஈரல் ஏன் கெடுகிறது என்று தெரியாமல் மருந்தை நிறுத்திவிட்டு நாங்கள் திண்டாடியதுண்டு. செலவைப் பற்றிக் கேட்கவும் கூச வேண்டாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இது வருமா என்று முதல் வாரத்திலேயே கேட்டால் வட்டிக்குக் கடன் வாங்குவதைத் தவிர்க்கலாம்.

வலித் தணிப்புச் சிகிச்சை என்றதும் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள்கொள்கிறோம். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே அதையும் சேர்த்துக் கொடுத்தபோது, அவர்கள் குறைந்த துன்பத்தோடு வாழ்ந்ததுடன், மற்றவர்களைவிடச் சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

முன்பு சொன்ன தந்தையையும் மகனையும் போன்ற இருவரை, ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், ஒரே நேரத்தில் என் மேசைக்கு எதிரே உட்காரவைத்தேன். பெரியவர் நோயைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "தை மாதம் இருபதாம் தேதி பேத்திக்குக் கல்யாணம். அன்றைக்கு நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா?" என்றார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். மூன்று வாரத்திற்கு ஒருமுறை என்று போட்டிருந்த கீமோவில், நான்காவது சுற்று கல்யாணத்திற்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. ஒரு வாரம் தள்ளி எழுதிக் கொடுத்தேன்.