நாசி கண்டார்னா மூக்கைப் பார்த்தாரா? சோத்துல வெள்ளம் விடுற பினாங்குத் தீவு!

[திரையில்: ஒரு தட்டுச் சோறு, மேலிருந்து குழம்பு விழுது]

பினாங்குல இறங்கின முதல் நாள் காலையில நண்பர் கேட்டாரு: "வாங்க, நாசி கண்டார் போலாம்." எனக்குச் சளி ஒண்ணும் இல்லையேன்னேன். காது மூக்கு தொண்டை டாக்டர் பேருன்னு நினைச்சேங்க! தமிழ்ல படிச்சுப் பாருங்க, மூக்கு பார்த்துச்சுன்னு வருது. அதுவும் 'கண்டார்'னு மரியாதையோட.

வணக்கம் மக்களே. இன்னிக்கு மலேசியாவோட பினாங்குத் தீவு.

வரலாறு ரெண்டே வரி, ஸ்கிப் பண்ணாதீங்க. மலாய்ல பினாங்னா பாக்கு, ஆக இது பாக்குத் தீவு. 1786ல பிரான்சிஸ் லைட்ங்கிறவர் கெடா சுல்தான்கிட்ட இருந்து வாங்கி கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கொடி நட்டாரு. அந்தக் கெடாதான் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம். முடிஞ்சுது. சோத்துக்கு வருவோம்.

[திரையில்: தோளில் கம்பு, ரெண்டு முனையிலும் கூடை, பழைய ஓவிய பாணியில்]

மலாய்ல நாசின்னா சோறு. கண்டார்னா தோள்ல வச்சுத் தூக்குற கம்பு. கடையநல்லூர், ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலேறிப் போன தமிழ் முஸ்லிம்கள், கம்போட ஒரு முனையில சோத்துப் பானை, இன்னொரு முனையில குழம்புன்னு தொங்கவிட்டு, துறைமுகத்துல மூட்டை தூக்குறவங்களுக்குக் கொண்டுபோய் வித்தாங்க. அந்தச் சாப்பாட்டுக்கு அந்தக் கம்போட பேரே நின்னு போச்சு.

இப்ப யோசிங்க. தோள்ல கம்பு, ரெண்டு பக்கமும் பாரம். நம்ம ஊர்ல இதுக்குப் பேர் என்ன? காவடி! இடும்பன் ரெண்டு மலையைத் தூக்கிட்டு வந்தானே, அதே டிசைன். காவுதல்னா சுமக்குறது. யாழ்ப்பாணத்துல இன்னிக்கும் "பையைக் காவிக்கொண்டு வாறான்"னு சாதாரணமாச் சொல்லுவாங்க. பினாங்குலயே தண்ணீர்மலைன்னு ஒரு முருகன் கோயில் இருக்கு, 500க்கும் மேல படி. தைப்பூசத்துக்கு அங்க காவடி ஏறும். ஒரே தீவு, ஒரே தோள். மலை மேல போனா முருகனுக்கு, துறைமுகம் போனா வயித்துக்கு! இதை நினைச்சு நினைச்சு ரெண்டு நாள் தூங்கலை நான். உங்க ஊர்ல 'காவு'ங்கிற சொல் புழக்கத்துல இருக்கான்னு கமெண்ட்ல கட்டாயம் சொல்லுங்க, எனக்கு நிஜமாவே தெரியணும்.

சரி, எப்படிச் சாப்பிடுறது? வரிசையில நில்லுங்க. முன்னாடி பெரிய பெரிய தட்டுல கோழிப் பொரியல், மாட்டுக்கறி, கணவாய், மீன் சினை, வெண்டைக்காய், உப்பு முட்டை, ஆளைப் பார்த்து முறைக்கிற மீன் தலை. கை காட்டினாப் போதும். அடுத்ததுதான் முக்கியம். "பன்ஜிர்"னு சொல்லணும். பன்ஜிர்னா வெள்ளம்! கரண்டிக்காரர் கையைப் பாருங்க: மீன் குழம்புல ஒரு முக்கு, கோழிக் குழம்புல ஒரு முக்கு, கறுப்பா கெட்டியா ஒண்ணுல அரை முக்கு, கரண்டி முதுகால சோத்தை ஒரு அமுக்கு. மூணு செகண்ட். கல்யாணப் பந்தியில சாம்பார் மேல ரசம் ஊத்திட்டா அண்டாவையே முறைக்கிற ஆளு நான். இங்க மூணு குழம்பு கலந்து வந்துச்சு, தட்டை வழிச்சுச் சாப்பிட்டேன். எங்க அம்மா இதைப் பார்க்க மாட்டாங்கன்னு நம்புறேன்.

ஒரு எச்சரிக்கை: பெரிய இறால், மீன் தலை ரெண்டுக்கும் விலை கேட்டுட்டு கை காட்டுங்க. கணக்கு தட்டைப் பார்த்து வாயாலயே போடுவாங்க, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

அசாம் லக்சா. அசாம் மாநிலம் இல்லைங்க, மலாய்ல அசாம்னா புளி. நம்ம குடம்புளிக்குச் சொந்தக்காரன் ஒருத்தனைப் போட்டுக் கொதிக்க வச்ச மீன் குழம்புல அரிசி நூடுல்ஸ், மேல புதினா, அன்னாசி. முதல் வாய் சந்தேகமா இருக்கும், மூணாவது வாயில சொந்த ஊர் மாதிரி ஆயிடும். வெயிலுக்கு செண்டோல் குடிங்க: ஐஸ், தேங்காய்ப்பால், தென்னங்கருப்பட்டி, பச்சைப் புழு மாதிரி மாவுத்துண்டு. புழுன்னு சொல்லியிருக்கக் கூடாது. குடிங்க.

[திரையில்: சுவரோவியம், நிஜ சைக்கிள்]

சுத்திப் பார்க்க ஜார்ஜ் டவுன், 2008ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த ஊர். மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர்களோட குவான் யின் கோயில், செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், நாலும் நடந்தே பார்க்கலாம். 2012ல லித்துவேனியா ஓவியர் எர்னெஸ்ட் ஜக்கரேவிச் வரைஞ்ச ரெண்டு குழந்தை ஆர்மேனியன் தெருச் சுவர்ல இருக்கு. குழந்தைங்க ஓவியம், ஓட்டுற சைக்கிள் நிஜம். போட்டோவுக்கு வரிசை நம்ம ரேஷன் கடை மாதிரி நிக்குது. பினாங்கு மலைக்கு 1923ல இருந்து இழுவை ரயில் ஓடுது. சாயங்காலம் போங்க, தீவையும் அக்கரையையும் இணைக்கிற பாலம் முழுக்கத் தெரியும்.

கடற்கரை? பத்து ஃபெரிங்கின்னு ஒண்ணு இருக்கு. கலங்கின தண்ணி, ஜெல்லி மீன் தொல்லை வேற. நீல நிறக் கடல்தான் வேணும்னா லங்காவித் தீவுக்குப் போங்க, பினாங்குக்குப் பசியோட வாங்க.

கடைசி நாள் ஒரு தப்பு பண்ணினேன். ராத்திரி பஸ்ஸுக்கு ஒரு நாசி கண்டார் பொட்டலம் வாங்கினேன், பழக்க தோஷத்துல "பன்ஜிர்"னுட்டேன். பழுப்புக் காகிதம் எவ்வளவு வெள்ளம் தாங்கும்? பாதி ராத்திரியில சீட்டுக்கு அடியில மஞ்சள் ஆறு. அந்தப் பையை மூணு தடவை துவைச்சாச்சு. இப்பவும் ஜிப்பைத் திறந்தா, நாசி கண்டார்.