மாளிகையைக் காட்டி ரோமை அளக்காதீர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பழைய ரோமானியரின் வீட்டு வாழ்க்கையை உள்ளபடி காட்டுவது மாளிகையா, மாடிக் குடித்தனமா என்பது தலைப்பு. நான் மாடிக் குடித்தனத்தின் பக்கம்.

எதிரணித் தலைவர் நம்மைப் பழைய ரோமானிய நகரமான பொம்பேயிக்குக் கூட்டிப்போய் ஃபான் மாளிகையைச் சுற்றிக் காட்டினார். ஏறக்குறைய 3,000 சதுர மீட்டர். முற்றத்தில் மழைநீர்த் தொட்டி, தரையில் அலெக்சாந்தர் போரிடும் மொசைக் ஓவியம். அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் அப்படி எத்தனை பேர் வாழ்ந்தார்கள்? கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் ரோம் நகரில் எடுத்த பட்டியல் இருக்கிறது: மாளிகைகள் சுமார் 1,800, இன்சுலா எனும் வாடகைக் குடியிருப்புகள் 46,000. அது கட்டடக் கணக்கா, குடித்தனக் கணக்கா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. எப்படி எண்ணினாலும் தட்டு எங்கள் பக்கம்தான் தாழ்கிறது.

அங்கே மேலே போகப்போக வாடகை குறையும், படி கூடும், பயமும் கூடும். பெரும்பாலான மாடிகளுக்குத் தண்ணீர் ஏறாது. கீழேயிருந்து தூக்க வேண்டும். அடுப்படி இல்லாதவர்களுக்குத் தெருமுனைச் சாப்பாட்டுக்கடைதான் கதி. பேரரசர் அகஸ்டஸ் 70 அடிக்கு மேல் கட்டக் கூடாது என்றார். பின்னால் வந்த பேரரசர் டிராஜன் அதை 60 ஆக்கினார். கட்டடங்கள் ஒழுங்காக நின்றிருந்தால் இந்தச் சட்டமெல்லாம் எதற்கு? இரவு விருந்துக்குப் போகிறவன் உயில் எழுதிவைத்துவிட்டுப் போகட்டும் என்கிறார் கவிஞர் ஜுவனல். சன்னல்களிலிருந்து உடைந்த சட்டி தலையில் விழுமாம்!

சிசரோவைக் கேளுங்கள். தத்துவம் பேசியவர், வீட்டுக்காரரும்கூட. கி.மு. 44-இல் நண்பர் அட்டிகஸுக்கு எழுதுகிறார்: வாடகைக்கு விட்ட கடைகளில் இரண்டு இடிந்துவிட்டன, மற்றவை விரிசல் விடுகின்றன, குடியிருந்தவர்கள் மட்டுமல்ல, எலிகளே காலி செய்துவிட்டன. நட்டம் என்று புலம்பினாரா? இல்லை. திருப்பிக் கட்டினால் இது லாபமாகிவிடும் என்று கணக்குப் போடுகிறார். எலிகளுக்காவது ஓட நேரம் கிடைத்தது.

'மாளிகையில்தான் குடும்பப் பாசம் இருந்தது' என்றார் எதிரணி நண்பர். ஐயா, அந்த முற்றத்தில் விடிந்ததும் நின்றது குடும்பமா? பெரிய மனிதருக்கு வணக்கம் வைத்து ஏதாவது வாங்கிப் போக வந்த கூட்டம். அதில் பலர் மாடிக் குடித்தனக்காரர்கள். உள்ளே வேலை செய்த அடிமைகளோ இடம் கிடைத்த மூலையில் படுத்தார்கள். அவர்களையும் அந்தப் பாசக் கணக்கில் சேர்த்தீர்களா?

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் முதலில் அந்த 46,000-க்குப் பதில் சொல்லட்டும் நடுவர் அவர்களே. மொசைக்கின் அழகை அப்புறம் பார்க்கலாம்.