மூட்டை கட்டத் தொடங்கும் ஈஸ்ட்

வணக்கம். ஈஸ்ட் செல்லைப் பட்டினி போட்டால், தன் உடம்பிலேயே கொஞ்சத்தை மூட்டையாகக் கட்டிச் செரித்துப் பிழைத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் ஆட்டோபேஜி. இன்று அந்த மூட்டை கட்டும் வேலை எப்படித் தொடங்குகிறது என்பதை மட்டும் பேசுவோம்.

இந்த மூட்டையை முதலில் ஈஸ்டில் பார்த்தவர் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி. ஈஸ்டுக்குள் வாக்குவோல் என்றொரு பெரிய பை உண்டு. செல்லின் வயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டை எடுத்துப் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிந்தது: பை நிறையச் சின்னச் சின்ன உருண்டைகள், ஓயாமல் துள்ளிக்கொண்டு! செரிக்க ஆளில்லாமல் தேங்கிப்போன மூட்டைகள் அவை. அப்புறம் மூட்டை கட்டத் தெரியாத ஈஸ்டுகளைத் தேடிப் பிடித்து, 1993-இல் 15 மரபணுக்களை அடையாளம் காட்டினார்கள். 2016-இல் ஓசுமிக்கு நோபல் பரிசு.

சரி, தொடக்கத்துக்கு வருவோம். ஏடிஜி1, ஏடிஜி13, ஏடிஜி17, ஏடிஜி29, ஏடிஜி31 என்று ஐந்து புரதங்கள். (ஏடிஜி என்பது ஆட்டோபேஜி தொடர்பானது என்பதன் சுருக்கம். எண்களில் வேலை வரிசையைத் தேடாதீர்கள், குழம்பிப்போவீர்கள்.) கடைசி மூன்றும் எப்போதும் ஒட்டியேதான் இருக்கும். அவற்றில் ஏடிஜி17 பிறை போல வளைந்தது. இரண்டு பிறைகள் முனையோடு முனை சேர்ந்து பாம்பு நெளிந்தாற்போல நிற்கும். ஆக, சாமான் எல்லாம் தயார். வேலை மட்டும் நடப்பதில்லை.

தடுப்பது டார் என்னும் நொதித் தொகுதி. உணவு இருக்கும்வரை அது ஏடிஜி13 மேல் பாஸ்பேட்டுகளை ஒட்டிக்கொண்டே இருக்கும். பாஸ்பேட் அப்பிய ஏடிஜி13-ஆல் மற்றவர்களைச் சரியாகப் பிடிக்க முடியாது. உணவு தீர்ந்தால் டார் ஓய்கிறது, பாஸ்பேட்டுகள் கழன்று விழுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏடிஜி13-இன் பெரும்பகுதிக்கு நிலையான உருவமே கிடையாது, தொளதொளவென்ற நூல். அந்த நூல் ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு ஏடிஜி17-களைப் பிடிக்கும். ஒவ்வொரு பிடியும் பலவீனம்தான். ஆனால் ஒன்று இரண்டைப் பிடிக்க, அவை மேலும் சிலவற்றைப் பிடிக்க, வலை போல் பரவி, வாக்குவோலின் ஓரத்தில் ஒரு துளியாகத் திரள்கிறது. உவமைக்காகச் சொல்லவில்லை, அது நிஜமாகவே திரவத்துளி போல நடந்துகொள்கிறது என்று 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

துளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஏடிஜி1-கள் ஒன்றையொன்று முடுக்கிவிடுகின்றன. ஏடிஜி9 என்ற இன்னொரு புரதம் பதித்த குட்டிச் சவ்வுப் பைகள் வந்து சேர்கின்றன. மூட்டைக்கான துணியின் முதல் துண்டு அவைதான். மீதிச் சவ்வுக்கான கொழுப்பை ஏடிஜி2 கடத்திக் கொடுக்கும்.

நடுவில் உணவு கிடைத்துவிட்டால்? டார் விழித்துக்கொள்ளும், பாஸ்பேட் மறுபடி ஏறும், துளி கரைந்துவிடும்.