பாடம் கதையின் முடிச்சில் இருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் பார்ப்பதற்குக் கல்வி நிகழ்ச்சிகளை எப்படிப் பொறுக்கி எடுப்பது என்று இன்று பேசலாம். 6 வயதிலிருந்து 12 வயது வரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

வழக்கமாக நாம் என்ன செய்கிறோம்? நிகழ்ச்சியின் பெயருக்குப் பக்கத்தில் 'கல்வி' என்று போட்டிருக்கிறதா, தலைப்பில் அறிவியல், கணக்கு என்று ஏதாவது வருகிறதா என்று பார்க்கிறோம். வந்தால் போதும், ரிமோட்டைக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த முத்திரை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவில் 1990-இல் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம் என்று ஒன்று வந்தது. பிள்ளைகளின் கல்விக்காக என்ன ஒளிபரப்பினோம் என்று ஒவ்வொரு நிலையமும் கணக்குக் காட்ட வேண்டும். சில நிலையங்கள் காட்டிய கணக்கில் 'ஜெட்சன்ஸ்' இருந்தது. பறக்கும் காரில் போகிற ஒரு குடும்பத்தைப் பற்றிய வேடிக்கைக் கார்ட்டூன் அது. வருங்கால வாழ்க்கையைப் பற்றிப் பிள்ளைகள் இதிலிருந்து கற்கிறார்கள் என்று காரணம் எழுதிக் கொடுத்தார்கள்! பிறகு 1996-இல் விதியை இறுக்கி, வாரத்துக்கு 3 மணி நேரம் என்று அளவும் வைத்தார்கள். ஆனாலும் முத்திரை குத்துகிறவர், நிகழ்ச்சியை ஒளிபரப்புகிறவரேதான். எந்த நாட்டில் இருந்தாலும் இதை நினைவில் வையுங்கள். முத்திரையை நம்பி எடுக்காதீர்கள், ஒரு எபிசோடைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

எப்படிப் பார்ப்பது? தொடரின் முதல் எபிசோட் வேண்டாம். அதில் பாத்திரங்களை அறிமுகம் செய்வதிலேயே பாதி நேரம் போயிருக்கும். நாலாவதோ ஐந்தாவதோ எடுங்கள். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு வரி எழுதுங்கள்: இந்த 5 நிமிடத்தில் புதிதாக என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? 25 நிமிட நிகழ்ச்சி என்றால் ஐந்து வரி வரும். ஐந்தும் ஐந்து வெவ்வேறு விஷயமாக இருந்தால் எதுவும் பிள்ளையின் மனத்தில் தங்காது. ஒரே விஷயம் மூன்று விதமாகத் திரும்பி வந்திருந்தால் அது தெரிந்து செய்தவர்கள் எடுத்த நிகழ்ச்சி. ஐந்து வரியில் மூன்று வரி காலியாக நின்றால் அது பொழுதுபோக்கு. பார்க்கட்டும், தப்பில்லை. ஆனால் அதைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதெல்லாம் நிகழ்ச்சியைப் பார்ப்பது. இதைவிட முக்கியமானது பிள்ளையைப் பார்ப்பது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்கிறவர்கள் குறைவு.

1969 நவம்பரில் அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' தொடங்கியது. ஒரு தெருவில் நடக்கிற, மனிதர்களும் பொம்மைகளும் வருகிற சிறுவர் கல்வி நிகழ்ச்சி அது. ஒளிபரப்புக்கு முன்னால் அதைப் பிள்ளைகளிடம் காட்டிச் சோதித்தார்கள். எட்வர்ட் பால்மர் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளைக்கு எதிரே டிவி. அதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்லைடு புரொஜெக்டர். ஏழரை வினாடிக்கு ஒரு படம் மாறிக்கொண்டே இருக்கும், நிகழ்ச்சிக்கும் அந்தப் படங்களுக்கும் சம்பந்தமே இல்லை. கவனத்தைக் கலைப்பதற்கென்றே வைத்தது. ஒவ்வொரு படம் மாறும்போதும் பிள்ளையின் கண் எங்கே இருக்கிறது, டிவியிலா, படத்திலா என்று ஒருவர் குறித்துக்கொண்டே வருவார். கடைசியில் நிகழ்ச்சியின் எந்த இடத்தில் கண் நழுவியது என்று வினாடிக் கணக்கில் தெரிந்துவிடும்.

இதில் ஒரு பெரிய மாற்றமே நடந்தது. பொம்மைகளையும் மனிதர்களையும் ஒரே காட்சியில் கலக்காதீர்கள், கற்பனை எது, நிஜம் எது என்று பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று உளவியலாளர்கள் சொல்லியிருந்தார்கள். அதன்படியே தெருக் காட்சிகளில் மனிதர்கள் மட்டும் பேசினார்கள். சோதித்துப் பார்த்தால், பொம்மைகள் வரும்போது கண் டிவியில், தெருக் காட்சி வந்தால் கண் வெளியே. நிகழ்ச்சியைக் கட்டி நிறுத்த வேண்டிய தெருவே ஒட்டவில்லை. அறிஞர்களின் அறிவுரையை ஒதுக்கி வைத்தார்கள். பெரிய மஞ்சள் பறவைப் பொம்மையும், குப்பைத் தொட்டிக்குள் வசிக்கிற ஆஸ்கர் என்ற பொம்மையும் மனிதர்களோடு தெருவில் நடமாட வந்தது அப்படித்தான். அறிஞர்கள் காணாததைப் பிள்ளைகளின் கண் காட்டிக் கொடுத்தது.

வீட்டில் இதைச் செய்யப் புரொஜெக்டர் தேவையில்லை. டிவிக்குப் பக்கவாட்டில், பிள்ளையின் முகம் தெரிகிற மாதிரி உட்காருங்கள். கையில் ஏதாவது வேலை இருக்கட்டும், கவனிக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியக்கூடாது. 10 நிமிடம் போதும். கண் எப்போது விலகுகிறது, அந்த நேரம் திரையில் என்ன ஓடுகிறது என்று மட்டும் குறியுங்கள். ஒருவர் நின்றுகொண்டு விளக்கம் சொல்லும்போதெல்லாம் கண் விலகினால், அந்த நிகழ்ச்சி படத்தால் சொல்ல வேண்டியதை வாயால் சொல்கிறது. கணக்கு வரும்போதெல்லாம் விலகினால், அது உங்கள் பிள்ளைக்கு ஒரு படி மேலே இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே நிகழ்ச்சியை எடுத்துப் பாருங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கண் விலகியவுடனே 'ஒழுங்காப் பாரு' என்று அதட்டாதீர்கள். எலிசபெத் லார்ச்சும் டேனியல் ஆண்டர்சனும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 1979-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 5 வயதுப் பிள்ளைகள் இரண்டு குழு. ஒரு குழு இருந்த அறையில் விளையாட்டுச் சாமான்கள் இருந்தன, இன்னொன்றில் இல்லை. சாமான் இல்லாத அறையில் பிள்ளைகள் ஏறக்குறைய முழு நேரமும் டிவியைப் பார்த்தார்கள். சாமான் இருந்த அறையில் பாதி நேரம்தான் பார்த்தார்கள். பிறகு கேள்வி கேட்டால், இரண்டு குழுவுக்கும் புரிந்தது ஒரே அளவு! விளையாடிக்கொண்டே காது கொடுத்துக் கேட்டு, தேவைப்பட்ட இடத்தில் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். புரிகிற இடத்தைப் பிள்ளை தேடிப் பார்க்கிறது. ஆகவே ஒரு முறை கண் விலகினால் பொருட்டில்லை. ஒரே மாதிரி இடத்தில் திரும்பத் திரும்ப விலகினால்தான் கவனிக்க வேண்டும். இதையும் சொல்ல வேண்டும்: கண் இமைக்காமல் பார்த்தது என்பதால் புரிந்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது.

சரி, என்னதான் புரிகிறது? இதற்கு மூன்று கால் நாய் ஒன்றின் கதையைச் சொல்கிறேன்.

2008-இல் மேரி லூயிஸ் மாரெஸ் என்ற ஆய்வாளரும் அவரோடு இன்னொருவரும் வெளியிட்ட ஆய்வு இது. 'கிளிஃபோர்ட்' என்ற பெரிய சிவப்பு நாயின் கார்ட்டூனில் ஒரு கதை. மூன்று கால் உள்ள நாய் ஒன்று வருகிறது. மற்ற நாய்கள் அதைப் பார்த்துப் பயப்படுகின்றன, ஒதுங்குகின்றன. கடைசியில் நட்பாகின்றன. நம்மிடமிருந்து வேறுபட்டிருப்பவரை ஒதுக்கக் கூடாது என்பது எடுத்தவர்கள் நினைத்த பாடம். சின்னப் பிள்ளைகளிடம் என்ன கற்றாய் என்று கேட்டால், பலருக்கு அந்தப் பாடம் எட்டவே இல்லை. மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும் என்ற மட்டில் நின்றுவிட்டது. மனிதர்கள் வரை வரவில்லை.

சிறு பிள்ளைகள் விஷயம்தானே என்று விட்டுவிடாதீர்கள். எட்டு வயதிலும் இதன் மிச்சம் இருக்கும். இந்த வகைக் கதைகளில் பெரும்பகுதி நேரம் தவறு நடக்கும், கடைசி இரண்டு மூன்று நிமிடம் திருந்துவார்கள். தாளை எடுத்துக்கொண்டு நிமிடத்தை எண்ணுங்கள். 20 நிமிடம் கிண்டலும் 3 நிமிடம் மன்னிப்பும் என்றால், பிள்ளை கிண்டல் செய்வது எப்படி என்பதைத்தான் விரிவாகப் பார்த்திருக்கிறது. இன்னொன்று, 'அரை மணி ஆச்சு, அணை' என்று நடுவில் நிறுத்தினால் திருந்துகிற பகுதியே போய்விடும். எனவே அனுமதியை நிமிடத்தில் கொடுக்காமல் எபிசோடில் கொடுங்கள். 'ஒரு கதை முழுசா, அதோட சரி.'

இப்போது தலைப்புக்கு வருகிறேன். 'செசமி ஸ்ட்ரீட்' எடுக்கிற நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்த ஷாலம் ஃபிஷ் 2000-இல் ஒரு விளக்கம் கொடுத்தார். நிகழ்ச்சியைப் பார்க்கும்போது பிள்ளையின் மனம் கதையையும் பிடிக்க வேண்டும், பாடத்தையும் பிடிக்க வேண்டும். மனத்தின் பிடி ஓரளவுதான். கதையும் பாடமும் வேறு வேறு பாதையில் போனால் பிள்ளை கதையைப் பிடித்துக்கொண்டு பாடத்தை விட்டுவிடும். இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டிருந்தால் கதையோடு பாடமும் வந்துவிடும். இதைத்தான் முடிச்சு என்கிறேன்.

திருடனைத் துரத்துகிற கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். துரத்தும்போது வழியில் எரிமலை வருகிறது, கதாநாயகன் நின்று எரிமலையைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு மறுபடி ஓடுகிறான். இங்கே பாடம் முடிச்சுக்கு வெளியே கிடக்கிறது. அதே கதையில், காலடித் தடத்தின் நீளத்தை அளந்து, உயரத்தோடு அதன் விகிதத்தைக் கணக்கிட்டு, இந்த உயரமுள்ளவர்தான் வந்திருக்க முடியும் என்று கண்டுபிடித்தால், விகிதம் தெரியாமல் திருடன் அகப்படமாட்டான். பாடம் முடிச்சிலேயே இருக்கிறது. சோதிப்பது சுலபம். கதையை நாலே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். பாடத்தைத் தொடாமல் கதை முழுதாக வந்துவிட்டதா? அப்படியானால் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். நாலு வாக்கியத்தில் பாடம் தானாக நுழைந்தால் அந்தத் தொடரை எடுத்து வையுங்கள்.

கதையே இல்லாத நிகழ்ச்சிகளுக்கு, அறிவியல் சோதனை, இயற்கை வரலாறு போன்றவற்றுக்கு, வேறு சோதனை. கண்ணை மூடிக்கொண்டு 3 நிமிடம் கேளுங்கள். வானொலியில் பேசும்போது இதைச் சொல்வது பொருத்தம்தான். எல்லாம் புரிந்துவிட்டதா? அப்படியானால் படம் அலங்காரத்துக்குத்தான் ஓடுகிறது. அடுத்து ஒலியை அணைத்துவிட்டு 3 நிமிடம் பாருங்கள். என்ன செய்கிறார்கள், எதற்குப் பிறகு எது என்று தெரிகிறதா? தெரிந்தால், படம் தன் வேலையைச் செய்கிறது. சோதனை ஒரு முறையாவது தவறிப்போவதைக் காட்டி, ஏன் தவறியது என்று சொல்கிற நிகழ்ச்சிக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். இன்னொரு குறையைப் பெற்றோர்தான் ஈடுசெய்ய முடியும். விதை 10 வினாடியில் செடியாகிறது, கிருமி திரை முழுக்கத் தெரிகிறது. 'இது நிஜத்தில் எத்தனை நாள்? எவ்வளவு பெரிசு?' என்று பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி கேட்டுவிட்டு நிகழ்ச்சி எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்றும் எண்ணுங்கள். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று. பல நிகழ்ச்சிகள் ஒன்று எண்ணுவதற்குள் பதிலைச் சொல்லிவிடும். 1996-இல் வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற அமெரிக்கச் சிறுவர் நிகழ்ச்சி கேட்டுவிட்டுக் காத்திருந்தது. அதோடு ஒரே எபிசோடை ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்பினார்கள். பிள்ளைகள் சலிக்கவில்லை, நாளுக்கு நாள் கூடுதலாகப் பதில் சொன்னார்கள். அது பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளுக்கானது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்து முறை அதிகம், ஆனால் நல்ல எபிசோடை மூன்று நாள் விட்டு இரண்டாம் முறை போடுங்கள். நிகழ்ச்சி காத்திருக்காவிட்டால் ரிமோட்டில் நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. எபிசோடுக்கு ஒரு முறை, அதற்கு மேல் நிறுத்தினால் பிள்ளைக்கு எரிச்சல் வரும்.

பார்ப்பதற்கு முன்னால் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: 'முடிஞ்சதும் எனக்குச் சொல்லணும்.' இது சும்மா இல்லை. கேவ்ரியல் சாலமன் என்ற ஆய்வாளர் 1984-இல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தது, டிவி சுலபம், புத்தகம் கடினம் என்று அவர்கள் நம்புகிறார்கள், அதனால் டிவிக்கு மூளை உழைப்பைக் குறைவாகக் கொடுக்கிறார்கள். சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் உழைப்பு கூடும். கேட்கும்போது பரீட்சை மாதிரி கேட்காதீர்கள். நீங்கள் பார்க்காதவர் போல, 'ஏன் அப்படி ஆச்சு?' என்று கேளுங்கள்.

நேரம் இரண்டு நிமிடம்தான் மிச்சம். 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கான ஆவணப்படங்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக ஒன்று மட்டும்: யார் சொல்கிறார்கள், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று படம் காட்டுகிறதா பாருங்கள். பின்னணிக் குரல் மட்டும் 'அறிஞர்கள் நம்புகிறார்கள்' என்று சொல்லிக்கொண்டே போனால் வேறு படம் தேடுங்கள். சப்டைட்டில் பேசும் மொழியிலேயே கிடைத்தால் போட்டு வையுங்கள், வாசிப்புக்கு உதவும். அடுத்த எபிசோட் தானாக ஓடுகிற வசதியை அமைப்புகளில் போய் அணைத்துவிடுங்கள். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், ஆகவே படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவியை அணையுங்கள். யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியையும்தான். வணக்கம்.